புறஞ்சேரி செல்வர் பகுதியான கதை: பினாங்கு புலாவ் தீக்குஸ் வட்டாரத்தின் வரலாறு



நகர வரலாற்றைப் பேச வருவோர் பெரும்பாலும் கோட்டையிலும் துறைமுகத்திலும் தொடங்குவர். பினாங்கைப் பற்றிப் பேசுவோரும் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய முனையில் தொடங்கி, அங்காடித் தெருக்களைச் சுற்றிவந்து முடித்துக்கொள்வது வழக்கம். இன்றைய பொழிவு அந்த வழியில் செல்லவில்லை. நகருக்கு வெளியே, வடமேற்குத் திசையில், ஒரு புறம் கடலும் மறுபுறம் மலையும் எல்லையாக அமைந்த புலாவ் தீக்குஸ் வட்டாரத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். காலையில் அலுவலுக்குச் சென்று மாலையில் இல்லம் திரும்பும் வசதிமிக்க மக்களின் புறநகர் என்றே இன்றைய தலைமுறை அதனை அறியும். விலையுயர்ந்த அடுக்குமாடிகள், தனியார் மருத்துவமனைகள், வணிக வளாகங்கள் ஆகியவற்றால் பெயர்பெற்ற பகுதி அது. அங்கே முதலில் குடியேறியவர் யாவர், செல்வம் எப்போது வந்து சேர்ந்தது, அது வந்தபோது முன்னிருந்தோர் எங்கே சென்றனர், இவற்றுள் தமிழர்க்குரிய பங்கு யாது என்பனவே இப்பொழிவின் வினாக்கள்.

சொல்லும் பொருளும்

நகருக்கு வெளியே அமைந்த குடியிருப்பைக் குறிக்கத் தமிழில் பழஞ்சொல் உண்டு. சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே 'புறஞ்சேரி இறுத்த காதை' எனப் பெயர் பெற்றுள்ளது. மதுரையை அடைந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நேரே நகருக்குள் நுழையவில்லை. மதிலுக்கு வெளியே அறவோர் வாழ்ந்த புறஞ்சேரியில் தங்கினர். ஊர் புதியவர், உறவினர் இல்லாதவர், துறவு பூண்டவர் ஆகியோர் முதலில் தங்கும் இடம் புறஞ்சேரி என்பது இதனால் விளங்கும். செல்வர் வாழுமிடம் என்ற பொருள் அச்சொல்லுக்கு இருந்ததில்லை. செல்வர் மாடங்கள் மதிலுக்கு உள்ளேயே இருந்தன.

புலாவ் தீக்குஸின் முதல் நூறாண்டு வரலாறு இப்பழம்பொருளுக்கு முற்றிலும் பொருந்துகிறது. அடுத்த நூறாண்டு வரலாறு அதனைத் தலைகீழாக மாற்றியது.

ஏதிலியரும் அறவோரும்

'புலாவ் தீக்குஸ்' என்னும் மலாய்த் தொடருக்கு எலித்தீவு என்பது பொருள். வடகரைக்கு அப்பால் கடலில் தென்படும் சிறிய பாறைத் தீவின் பெயர் கரையிலிருந்த ஊருக்கும் ஆகிவந்தது.

இங்கு முதலில் குடியேறியோருள் பர்மியர் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் எழுப்பிய தம்மிகாராம விகாரை 1803ஆம் ஆண்டில் தோன்றியது. நகரிலிருந்து இவ்வூருக்கு வரும் நெடுஞ்சாலைக்குப் பர்மா சாலை என்னும் பெயர் வந்ததற்கும் இக்குடியிருப்பே காரணம். ரங்கூன், மூல்மேன், மண்டலே, தவாய், ஐராவதி எனப் பர்மிய நாட்டு ஊர்களும் ஆறுகளும் இவ்வட்டாரத்துத் தெருப் பெயர்களாகப் பின்னர் நிலைத்தன. பர்மிய விகாரைக்கு எதிரிலேயே சயாமியரின் வாட் சாயாமங்களாராம் 1845இல் அமைந்தது. இன்று சுற்றுலாப் பயணியர் காணவரும் 33 மீட்டர் நீளமுள்ள கிடந்த கோலப் புத்தர் திருவுருவம் அங்குதான் உள்ளது.

இரண்டாவதாக வந்தவர் 'சிராணி' எனப்பட்ட ஐரோப்பிய ஆசியக் கலப்பினக் கத்தோலிக்கர். நாசரேத்து ஊரின் பெயரிலிருந்து பிறந்த 'நஸ்ரானி' என்ற அரபுச் சொல்லின் மலாய்த் திரிபே இப்பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மியப் படைகள் புக்கெட் தீவைத் தாக்கியபோது, அங்கு வாழ்ந்த கத்தோலிக்கருள் ஒரு பகுதியினர் பாஸ்குவால் என்னும் குருவின் தலைமையில் 1811ஆம் ஆண்டு புலாவ் தீக்குஸில் வந்து சேர்ந்தனர். அவர்கள் தொடங்கிய அமலோற்பவ மாதா ஆலயத்தைச் சுற்றிக் கம்போங் சிராணி என்னும் சிற்றூர் உருவாயிற்று. பர்மியப் படைக்கு அஞ்சி ஓடிவந்தவரும் பர்மியக் குடிகளும் அடுத்தடுத்து வாழ்ந்த ஊர் இது என்பது எண்ணத்தக்கது.

மூன்றாவதாகக் குருத்துவக் கல்லூரி. 1665இல் சயாமின் அயூத்தியாவில் தோன்றிய இந்நிறுவனம், அரசியல் இடர்களால் இடம்பெயர்ந்து, சிறிது காலம் நம் புதுச்சேரிக்கு அருகிலுள்ள வீராம்பட்டினத்தில் நடைபெற்றுப் பின் மூடப்பட்டது. 1808இல் பினாங்கில் மீண்டும் உயிர்பெற்றது. ஆசிய நாடுகள் பலவற்றின் இளைஞர்கள் குருப்பட்டத்திற்காகப் பயின்ற அக்கல்லூரி 1984 வரை புலாவ் தீக்குஸிலேயே இயங்கிப் பின்னர் தஞ்சோங் பூங்காவுக்கு மாறியது.

நகரத்தார் கண்ணுக்கு அந்நாளில் இவ்வூர் சயாமிய, பர்மியப் பிக்குகளும் கிறித்தவத் துறவியரும் வாழ்ந்த தோப்புப் பகுதியே ஆகும். இளங்கோவடிகள் காட்டிய புறஞ்சேரியிலும் இத்தகையோரே இருந்தனர்.

வழி அமைத்தவர்

தமிழர் இவ்வரலாற்றில் எங்கே நுழைகின்றனர்? நிலம் பெற்றுக் குடியேறியவராக அவர்கள் வரவில்லை. வழி அமைப்பவராகவும் காவல் செய்பவராகவும் வந்தனர்.

18ஆம் நூற்றாண்டின் இறுதி முதலே இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டனர். வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களைச் சேர்ந்த அவர்களின் உழைப்பால் தீவின் சாலைகளும் பாலங்களும் உருவாயின. 1873 வரை நீரிணைக் குடியேற்றங்களில் இம்முறை நிலவியது. காட்டை அழித்துச் சதுப்பை மேடாக்கி, நகரிலிருந்து வெளியே செல்லும் வழிகளை அமைத்த அவர்களுள் ஒருவரின் பெயரும் எந்தத் தெருவுக்கும் இடப்படவில்லை.

அடுத்து சிப்பாய்கள். 19ஆம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் காவலுக்குச் சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் மாறிமாறி அனுப்பப்பட்டன. தமிழரும் தெலுங்கரும் நிறைந்திருந்த அப்படையினரின் நினைவு, கன்டோன்மென்ட் சாலை, சிப்பாய் லைன் சாலை என்னும் இரு பெயர்களில் இன்றும் எஞ்சியுள்ளது. இன்று வீட்டு மனை விலை மிகுந்த தெருக்களுள் அவையும் அடங்கும். 'சிப்பாய்' யார் என்று அங்கு வாழ்வோர் வினவுவது அரிது.

மூன்றாவது, நீர். ஊருக்கு மேற்கே உள்ள அருவியே பழைய பினாங்கின் நீருக்கு முதன்மையான ஊற்று. தமிழர் அதனைத் தண்ணீர்மலை என்றனர். பர்மா சாலைக்குச் சீனர் வழங்கிய பெயரின் பொருள் நீர்வண்டிச் சாலை என்பதாகும். மாடு பூட்டிய வண்டிகள் இவ்வழியே நீர் ஏற்றிச் சென்றன. ஆட்சியாளர் அச்சாலைக்கு வைத்த பெயர் அங்கே குடியிருந்தோரைச் சுட்டியது. மக்கள் வைத்த பெயர் அங்கே நடந்த தொழிலைச் சுட்டியது. மாட்டுவண்டித் தொழிலில் அந்நாளில் தமிழர் பலர் ஈடுபட்டிருந்தனர். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் வண்ணார்துறை அமைத்து, நகரத்தார் ஆடைகளை வெளுத்துத் தந்தவரும் தமிழரே. புறநகர் வாழ்வின் தூய்மையும் வசதியும் இத்தகைய உழைப்பின்மேல் எழுந்தவை.

செல்வம் வெளியேறுதல்

19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் டவுன் நெருக்கடி மிக்க வணிக நகராயிற்று. கடைவீடுகள் நெருங்கின, நோய் பரவியது. வசதி பெற்ற ஐரோப்பியர் நகரின் வடகரையில், நார்தாம் சாலையின் இருமருங்கிலும், தோட்டம் சூழ்ந்த பெரிய வீடுகளைக் கட்டிக் குடியேறினர். பிரான்சிஸ் லைட் அடக்கமான பழைய புரோட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டம் இச்சாலையின் தொடக்கத்திலேயே உள்ளது.

பின்னர் ஈயத்தாலும் ரப்பராலும் பெரும்பொருள் ஈட்டிய சீன வணிகர் அவ்வீடுகளை வாங்கினர். அவற்றினும் பெரியனவற்றைக் கட்டினர். ஐரோப்பியர் மேலும் உள்ளே, புலாவ் தீக்குஸின் அமைதியான தெருக்களுக்கும் மலைச்சாரலுக்கும் நகர்ந்தனர். நார்தாம் சாலை 'கோடீசுவரர் வரிசை' எனப் பெயர்பெற்றது. இன்று அது ஜாலான் சுல்தான் அகமது ஷா. அங்குள்ள 'ஹோம்ஸ்டெட்' மாளிகை இப்போது வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாக விளங்குகிறது.

இந்த இடப்பெயர்ச்சிக்குச் செல்வம் மட்டும் போதியதன்று, போக்குவரத்தும் வேண்டும். தொழில் செய்யும் இடமும் வாழும் இடமும் ஒரே கூரையின்கீழ் இருந்ததுதான் கடைவீட்டு வாழ்க்கை. கீழே கடை, மேலே குடும்பம். இவ்விரண்டையும் பிரிக்க வேண்டுமாயின் நாள்தோறும் சென்றுவர ஊர்தி வேண்டும். முதலில் குதிரை வண்டியும் ரிக்‌ஷாவும் இருந்தன. 1880களில் நீராவி டிராம் வந்தது; 1906இல் நகராட்சி மின்டிராம் ஓடத் தொடங்கியது; 1925இல் மேற்கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் டிராலிப் பேருந்து அறிமுகமாயிற்று. 1936இல் டிராம் நிறுத்தப்பட்டது; டிராலிப் பேருந்து 1961 வரை ஓடியது. இடையே தானூர்தி பெருகியது. வடக்குக் கடற்கரையோரம் புதிய சாலை 1936இல் அமைந்தது. 1951 அக்டோபரில் பதுங்கித் தாக்கிய கம்யூனிஸ்டுப் போராளிகளால் கொல்லப்பட்ட உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியின் பெயர் 1952இல் அதற்குச் சூட்டப்பட்டது.

இவ்வாறு, ஏதிலியர்க்கும் துறவியர்க்கும் உரியதாயிருந்த புறஞ்சேரி, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே செல்வரும் உயரலுவலரும் விரும்பும் புறநகராயிற்று. நகரின் நடுவில் வாழ்வது வறுமைக்கும், விளிம்பில் வாழ்வது வசதிக்கும் அடையாளமாயின.

தேர் செல்லும் வழி

இதே காலத்தில் தமிழரும் நகரிலிருந்து தண்ணீர்மலை நோக்கித் தமக்கென ஒரு வழியை நிலைநாட்டினர். அது தைப்பூசத் தேர்வழி.

நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தொழிலகங்கள் பினாங்கு வீதியில் இருந்தன. அங்கே அவர்களுக்குக் கோவில்வீடு உண்டு. நகருக்கு வெளியே, தண்ணீர்மலைச் சாலையில், தண்டாயுதபாணி கோவிலை அவர்கள் 1857ஆம் ஆண்டில் எழுப்பினர். காரைக்குடியில் செய்யப்பட்ட வெள்ளித்தேர் 1894இல் கப்பலேறிப் பினாங்கை அடைந்தது. அது முதல் தைப்பூசத்திற்கு முந்திய நாளாகிய செட்டிப்பூசத்தன்று, பினாங்கு வீதிக் கோவில்வீட்டிலிருந்து தேர் புறப்பட்டு, டத்தோ கெராமாட் சாலையையும் ஜாலான் உத்தாமாவையும் கடந்து தண்ணீர்மலைச் சாலைக் கோவிலை அடைகிறது. பூசம் முடிந்த மறுநாள் மாலை நகருக்குத் திரும்புகிறது.

இவ்வழியைச் சற்று உற்று நோக்க வேண்டுகிறேன். ஜாலான் உத்தாமா சாதாரணச் சாலையன்று. மேற்குச் சாலை என்னும் பழைய பெயருடன் ஆங்கிலேய உயரதிகாரிகள் வாழ்ந்த பகுதி அது. அவர்களின் தலைமை அலுவலர் வாழ்ந்த மாளிகையே இன்று மாநில ஆளுநரின் இல்லமாகத் திகழ்கிறது. ஆண்டு முழுவதும் அமைதி காக்கும் அந்தப் பணக்காரச் சாலையில் ஆண்டுக்கு ஒருமுறை தமிழ்ப் பேரொலி எழுகிறது. சீனக் குடும்பத்தினர் தேருக்கு முன்னால் மலைபோல் தேங்காய் குவித்து உடைக்கின்றனர். சாலையின் இருமருங்கிலும் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. தோட்டத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் நகராட்சிக் குடியிருப்பிலிருந்தும் வந்தவர் தம் பாட்டன் காலத்திலிருந்தே இவ்வழியில் நடந்தனர். மலையுச்சியில் அருள்மிகு பாலதண்டாயுதபாணிக்கு 513 படிகளுடன் புதிய கோவில் 2012இல் குடமுழுக்குக் கண்டது. 2017 முதல் தங்கத்தேரும் உலா வருகிறது.

புறநகரில் வீடு இல்லாதவர்க்கும் அங்கே ஒரு வழி உரிமை உண்டு என்பதனை இத்தேரோட்டம் ஆண்டுதோறும் நிலைநாட்டுகிறது. பட்டாவும் பத்திரமும் இன்றி, நடந்து நடந்தே பெற்ற உரிமை அது.

1941ஆம் ஆண்டு டிசம்பர்

புறநகர் அமைதியின் அடித்தளம் எத்தகையது என்பதை ஒரு வாரம் வெளிக்காட்டியது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் சப்பானிய வானூர்திகள் ஜார்ஜ் டவுன்மீது கடுமையாகக் குண்டு வீசின. மக்கள் நெரிசல் மிகுந்த தெருக்களில் உயிரிழப்பு மிகுந்தது. அடுத்த சில நாள்களில் ஐரோப்பியர் அனைவரும் இரவோடு இரவாகத் தீவைவிட்டு அகற்றப்பட்டனர். உள்ளூர் மக்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லை. புறநகர் வீடுகள் வெறுமையாயின. நகர் ஆள்வோர் இன்றி நின்றது.

அவ்வேளையில் 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் மா. சரவணமுத்து முன்வந்தார். பல இனத்தவரும் அடங்கிய குழுவுடன் ஊரின் அன்றாடக் காரியங்களைக் கவனித்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரித்தானியக் கொடியை இறக்கச் செய்தார். நகரில் படை எதுவும் இல்லை, குண்டு வீச வேண்டா என வானொலி வழியே சப்பானியர்க்கு அறிவித்தார். டிசம்பர் 19ஆம் நாள் சப்பானியப் படை நகருள் நுழைந்தது. ஊரின் உச்சியில் வாழ்ந்தோர் நீங்கியபின் ஊரைக் காத்தவர் ஊரில் தங்கியவரே. இந்நிகழ்ச்சி பினாங்குத் தமிழர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

திசை மாறிய பயணம்

விடுதலைக்குப் பின் புறநகரின் போக்கு மீண்டும் மாறியது. 1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. நகரின் வணிகம் தளர்ந்தது, வேலையின்மை பெருகியது. 1972இல் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. காலையில் துறைமுக நகரை நோக்கிச் சென்ற ஊர்திகளுள் பல தெற்கே தொழிற்சாலைகளை நோக்கித் திரும்பின. புலாவ் தீக்குஸ் தன் மதிப்பை இழக்கவில்லை. இரு திசைக்கும் சென்றுவர வசதியான இடமாக அதன் மதிப்பு உயர்ந்தது.

மதிப்பு உயர்ந்தபோது நிலம் பேசத் தொடங்கியது. 1811 முதல் வாழ்ந்த சிராணியரின் கம்போங், 1990களின் தொடக்கத்தில் கட்டட வளர்ச்சிக்காக இடிக்கப்பட்டது. ஆலயம் நின்றது, ஊர் மறைந்தது. குடியிருந்தோர் தலைமுறை தலைமுறையாக நிலவாடகை செலுத்தி வந்தவரேயன்றி நில உரிமையாளர் அல்லர் என்பதே சட்டத்தின் கூற்று. அண்மைக் காலத்தில் கம்போங் சயாமும் இதே வழியில் சென்றது. கர்னி கடற்கரையில் இருந்த பழைய புனித சூசையப்பர் நோவிசியேட் கட்டடம், 2013இல் திறந்த கர்னி பாரகன் வணிக வளாகத்தின் ஒரு பகுதியாக உணவகங்களுக்கு இடந்தருகிறது. கடலும் தூர்க்கப்பட்டுப் புதிய நிலமாகிறது.

நகரின் உள்ளேயும் இதே கதைதான். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாதுகாப்பு முடிவுக்கு வந்தபோது, பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு வாழ்ந்த பல குடும்பங்கள் வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகராக அறிவித்தது. ஆயின் அவ்வெல்லைக் கோடு பழைய துறைமுக நகரோடு நின்றுவிடுகிறது. புலாவ் தீக்குஸ் அதற்கு வெளியே உள்ளது. இருநூறாண்டு முதுமை வாய்ந்த ஊர், பாதுகாப்பின் கண்ணில் மீண்டும் புறஞ்சேரியே.

எழுதிவைக்க வேண்டுவன

இவற்றால் நாம் அறிவன யாவை? புறநகர் என்பது வெற்றிடத்தில் தோன்றுவதன்று. யாரோ ஒருவர் முன்னரே வாழ்ந்த இடத்தில், வேறு யாரோ அமைத்த சாலையின் வழியே, இன்னும் யாரோ சுமந்த நீரைக்கொண்டு அது வளர்கிறது. வளர்ந்தபின் விலைப்பட்டியல் மட்டும் எஞ்சி அவர்கள் மூவரும் மறக்கப்படுகின்றனர். பர்மியரை அவர்களின் தெருப் பெயர்கள் காத்துநிற்கின்றன. சிராணியரை ஆலயம் காத்துநிற்கிறது. சீனச் செல்வரை மாளிகைகள் காத்துநிற்கின்றன. தமிழர்க்குத் தேர்வழியும் இரண்டு படைத்தெருப் பெயர்களும் அன்றி வேறு சின்னம் மிகுதியில்லை. நகராட்சிக் குடியிருப்புகளில் பிறந்தவர், வண்ணார்துறையில் உழைத்தவர், டிராலிப் பேருந்து ஓட்டியவர் ஆகியோரின் பிள்ளைகள் நம்மிடையே முதுமை எய்திவருகின்றனர். அவர்களின் நினைவைக் கேட்டு எழுதிவைப்பதற்குக் காலம் குறைவு.

மொழி மன்றங்கள் செய்யத்தக்க பணி இதுவென்று கருதுகிறேன். தெருக்களுக்கு நம் முன்னோர் தமிழில் வழங்கிய பெயர்களைத் தொகுக்கலாம். குடும்ப ஒளிப்படங்களைத் திரட்டலாம். தமிழ்ப்பள்ளி மாணவர்களைத் தத்தம் பாட்டன் பாட்டியரிடம் அனுப்பி, எங்கே வாழ்ந்தனர், எவ்வழியே வேலைக்குச் சென்றனர் என்னும் இரண்டு வினாக்களைக் கேட்கச் செய்யலாம். நில ஆவணத்தில் இடம்பெறாதவர்க்கு நூலிலாவது இடம் கிடைக்கட்டும்.

அடுத்த தைப்பூசத்தில் ஜாலான் உத்தாமாவில் நிற்கும்போது, தண்ணீர்ப் பந்தலில் ஒரு குவளை மோர் பெறுவீர்கள். அவ்வேளையில், அதே மலையின் நீரை மாட்டுவண்டியில் ஏற்றி இவ்வூருக்கு வழங்கியவரையும் ஒருகணம் நினைவுகூருமாறு வேண்டி என் பொழிவை நிறைவு செய்கிறேன்.